லெய்போர்ன் அட்மிரலானது 1296-லா, 1297-லா?

கேள்வி: இடைக்கால இங்கிலாந்தின் அட்மிரல்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். வில்லியம் டி லெய்போர்ன் ப்ரூஜ் நகரில் (இன்றைய பெல்ஜியம்) ஓர் உடன்பாட்டில் அட்மிரல் என்று குறிக்கப்பட்ட ஆண்டு ஒரு பட்டியலில் 1296, இன்னொன்றில் 1297. வடக்கு அட்மிரல், மேற்கு அட்மிரல், இங்கிலாந்தின் அட்மிரல் ஆகியவை ஒரே பதவியா? ஆய்வேட்டுத் தரகர் ஒருவர் முழுப் பட்டியலை 12,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நியமன ஆணைகளின் அச்சிட்ட சுருக்கத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தரகர்கள் விற்பது பெரும்பாலும் பழைய பட்டியலின் நகல்தான். அதிலுள்ள பிழைக்கு வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள், அவர் அல்லர்.

1297 என்றே எழுதுங்கள். அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. ப்ரூஜ் உடன்பாட்டின் தேதி மார்ச் 8 என்பதால், அவர்கள் கணக்கில் அது 1296-இன் கடைசி நாள்களில் ஒன்று, நம் கணக்கில் 1297. ஐயம் வரும்போது அரசரின் ஆட்சியாண்டை, அதாவது அவர் ஆட்சி தொடங்கிய நாளிலிருந்து எண்ணும் ஆண்டை, பாருங்கள். முதலாம் எட்வர்டின் ஆட்சியாண்டு நவம்பர் 20-இல் தொடங்கும். இந்த உடன்பாடு விழும் 25-ஆம் ஆட்சியாண்டு 1296 நவம்பர் 20 முதல் 1297 நவம்பர் 19 வரை ஓடியது. அதற்குள் வரும் ஒரே மார்ச் மாதம் 1297-க்கு உரியது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை தேதியிட்ட ஒவ்வொரு ஆவணத்தையும் இப்படிச் சோதியுங்கள், மற்ற மாதங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பட்டியல்களில் நான் கண்ட ஓராண்டுப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று மாதங்களில்தான் விழுந்திருக்கின்றன.

லெய்போர்னை "முதல் அட்மிரல்" என்று எழுதிவிடவும் வேண்டாம். 1295-லேயே தென்மேற்குப் பிரான்சிலுள்ள பயோன் நகரக் கப்பல்களுக்கு பாரோ டி செஸ்காஸ் என்ற கஸ்கோனியர் (அதே பகுதியிலுள்ள கஸ்கோனியைச் சேர்ந்தவர்) அந்தப் பட்டத்துடன் நியமிக்கப்பட்டார். ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் நெறியாளர்கள் ஒற்றைப் பெயரையும் ஒற்றை ஆண்டையும் கேட்கிறார்கள், ஆவணத்தைத் திறந்து பார்க்க மாணவருக்கு ஒரு மாதம் கொடுப்பதில்லை. தரகர் பிழைப்பது இதனால்தான்.

பதவிகள் வேறு வேறு. தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரமே எல்லை: அதற்கு வடக்கிலுள்ள துறைமுகங்களின் கப்பல்கள் வடக்கு அட்மிரலுக்கும், தெற்கிலும் மேற்கிலும் உள்ளவை மேற்கு அட்மிரலுக்கும் உரியவை. 1340-இல் ஸ்லூய்ஸ் போரில் ராபர்ட் மார்லி வடக்கு அட்மிரலாகவே நின்றார். 1360-இல் ஜான் பீச்சம் இரண்டையும் சேர்த்துப் பெற்றதைக் காட்டி "அன்றே பதவி ஒன்றாயிற்று" என்று சில பட்டியல்கள் முடித்துவிடும். அவர் அவ்வாண்டிலேயே இறந்தார், பிரிவினையும் பிறகு திரும்பியது. 1408-இல் தாமஸ் போபோர்ட் கைக்கு இரண்டும் வந்த பின்னரே இங்கிலாந்தின் அட்மிரல் என்ற ஒற்றைப் பதவி நிலைத்தது.

ஆகவே உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆணையிலுள்ள பட்டத்தை அப்படியே எழுதி, கடற்பகுதியையும் ஆட்சியாண்டுத் தேதியையும் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் கொடுங்கள். நம் கணக்கின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் இடுங்கள்.