ஃபீட்லாட் வேலைக்கு வீட்டு மாட்டு அனுபவம் போதுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் விடுமுறையோடு வேலையும் பார்க்க அனுமதிக்கும் 462 விசாவின் குலுக்கலில் என் பெயர் வந்திருக்கிறது. குயின்ஸ்லாந்தில் டால்பி பக்கம் ஒரு ஃபீட்லாட்டில், அதாவது மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் பண்ணையில், பொது வேலையாளாகக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் நாலைந்து கறவை மாடு உண்டு. பால் கறப்பேன், ஊசி போடும்போது பிடித்துக்கொள்வேன். குதிரை ஏறத் தெரியாது. அங்கே என்ன வேலை இருக்கும்? என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: குதிரை பற்றிக் கவலை வேண்டாம். பட்டிக்குள் குதிரையில் போய் நோய்ப்பட்ட மாட்டைப் பிரித்து வருபவர்கள் தனி ஆட்கள். புதியவருக்கு முதலில் வருவது தீவனத் தொட்டி கூட்டுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, வேலி பழுது பார்ப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது. எல்லாம் கறிக்கு வளர்க்கும் மாடுகள். சில 70 நாள், சில 100 நாள், வாக்யூ என்ற ஜப்பானிய இனம் என்றால் 300 நாளுக்கு மேல் தானியம் தின்றுவிட்டு வெட்டுக்குப் போகும். மனம் ஒப்பவில்லை என்றால் டிக்கெட் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் ஏற்பாடு, மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கியூ காய்ச்சலுக்கான தடுப்பூசி. மாட்டின் பிரசவ நீர், சிறுநீர், சாணத் தூசி வழியாக இந்தக் கிருமி மூச்சில் ஏறும். தடுப்பூசி ஆஸ்திரேலியா போன பிறகுதான் போட முடியும். முதலில் ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்து, ஏழாம் நாள் முடிவு பார்த்து, இரண்டும் சுத்தமாக இருந்தால்தான் ஊசி. அதன்பின் பாதுகாப்பு வர இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே வேலைக்குச் சேரும் தேதிக்கு நாலு வாரம் முன்னதாகவே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். மாட்டோடு வளர்ந்த உங்களுக்கு அந்தக் கிருமி ஏற்கெனவே உடம்பில் ஏறிப் போயிருக்கலாம். அப்படியானால் ஊசி போடக் கூடாது, போட்டால் கை கடுமையாகப் புண்ணாகும். வீட்டில் மாடு வளர்த்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி வேலை. ஃபீட்லாட்டின் மூளை தீவனத் தொட்டிதான். காலையில் ஒருவர் பட்டி பட்டியாகப் போய், நேற்றுப் போட்டதில் என்ன மிச்சம் என்று பார்த்து அன்றைய அளவை எழுதுவார். கணக்கு இப்படி: 450 கிலோ மாடு ஒரு நாளைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் சுமார் 10 கிலோ தின்னும். தீவனத்தில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் அது பன்னிரண்டரை கிலோ. 200 மாடு உள்ள பட்டிக்கு 2,500 கிலோ. லாரி இதைத் தொட்டியின் நீளம் முழுக்க ஒரே சீராக இறக்க வேண்டும். ஒரு முனையில் குவித்துவிட்டால் அடாவடி மாடு அங்கேயே நின்று வயிறு முட்டத் தின்னும். தானிய மாவுச்சத்து முதல் வயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகும். பிறகு வயிற்றுப்போக்கு, உப்புசம், கால் குளம்பு வீக்கம், சில சமயம் சாவு. புதிதாக வந்த மாட்டுக்குப் புல்லும் வைக்கோலும் கூடுதலாகப் போட்டுத் தொடங்கி, மூன்று வாரம் போல் படிப்படியாகத் தானியத்தை ஏற்றுவதும் இதனால்தான். பட்டினி கிடந்து பாய்ந்து தின்பதும் அதே ஆபத்து, அதனால் நேரம் தவறக் கூடாது.

உங்கள் கையில் துடைப்பமும் மண்வெட்டியும் இருக்கும்போது நீங்களும் அந்தக் கணக்கில் பங்காளி. மழையில் ஊறிப் புளித்த தீவனத்தை மூலை வரை சுரண்டி எடுங்கள். கையில் அள்ளினால் சூடாக இருக்கும், புளிப்பு வாடை அடிக்கும். அதன் மேல் புதுத் தீவனம் விழுந்தால் மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கோடையில் ஒரு மாடு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். பாசி படிந்த தண்ணீர் குடிப்பைக் குறைக்கும், குடிப்பு குறைந்தால் தீனியும் குறையும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: மாட்டுத் தீவனத்தில் பெரும்பாலும் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு நல்லது, குதிரைக்கு விஷம். யாருடைய குதிரையையும் தொட்டி ஓரத்தில் கட்டாதீர்கள்.

மாடு பட்டிக்கு வந்த முதல் மூன்று நாலு வாரத்தில்தான் சளிக் காய்ச்சல் போட்டுத் தள்ளும். லாரிப் பயணம், தாகம், வேறு ஊர் மாடுகளோடு கலப்பு எல்லாம் சேர்ந்து நுரையீரலில் போய் உட்காரும். நாம் பார்க்கும்போது மாடு நோயை மறைக்கும். எனவே தூரத்திலிருந்தே கவனியுங்கள். தீவன லாரி வந்தும் எழுந்து வராதது, காது தொங்கியது, விலாப் பக்கம் குழி விழுந்தது, மூக்கொழுக்கு. காதணி எண்ணைக் குறித்து உடனே சொல்லுங்கள். மதியம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டு அனுபவம் சறுக்கும் இடம் மாட்டை ஓட்டுவதில். உங்கள் மாடு பெயர் சொன்னால் வரும். இவை மனிதனைக் கண்டாலே விலகும். தோள்பட்டைக்குப் பின்னே நின்று நெருங்கினால் முன்னே போகும், தோளுக்கு முன்னே வந்தால் பின்வாங்கும். நேர் பின்னால் நிற்காதீர்கள், அது அதன் குருட்டுப் பக்கம். உதை அங்கேதான் விழும். சத்தமும் குச்சியும் வேண்டாம். ஒரு எட்டு முன்னே வைத்து, நகர்ந்ததும் பின்வாங்கி அழுத்தத்தை விட்டுக்கொடுங்கள். கடந்து வந்த கேட்டை மறக்காமல் சாத்துங்கள். இரண்டு பட்டி கலந்தால் எந்த மாட்டுக்கு மருந்து போட்டது, எது வெட்டுக்குத் தகுதியானது என்று காதணிகளைப் படித்துப் பிரிக்க ஒரு நாள் போய்விடும்.

ஊசி போட உதவக் கூப்பிட்டால், என்ன மருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். டில்மிகோசின் என்ற மருந்து தவறிக் கையில் குத்தினாலே மனித இதயத்தைத் தாக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மருந்து ஏற்றிய சிரிஞ்சைச் சட்டைப்பையில் வைக்கவே கூடாது. சைலேஜ் என்ற புளிக்க வைத்த பசுந்தீவனக் குவியலின் வெட்டுமுகத்துக்குக் கீழே நிற்பது, தானியத்தைத் தள்ளும் திருகு எந்திரம் ஓடும்போது அதன் மூடியைக் கழற்றுவது, தானியக் குதிருக்குள் தனியாக இறங்குவது, மேலாளரே சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

சம்பளம் பாஸ்டரல் அவார்டு என்ற சட்டபூர்வ ஊதிய ஆணைப்படி வரும். தற்காலிக ஆளாக எடுத்தால் மணிக்கூலியில் 25 சதவீதம் கூடுதல் உண்டு, ஆனால் விடுப்புச் சம்பளம் கிடையாது. அதோடு 12 சதவீதம் ஓய்வூதிய நிதி. மாடு ஞாயிற்றுக்கிழமையும் தின்னும், அதனால் வார இறுதி முறை எப்படி, தங்குமிட வாடகை எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேலை பிடித்துப்போனால் எச்.ஆர். என்ற கனரக வாகன லைசென்ஸ் எடுங்கள், தீவன லாரி ஓட்ட அது வேண்டும்.