தச்சர் கைக்குப் போகும் தாள்

அன்புள்ள ஐயா,

நான் சேலத்தில் வசிக்கிறேன். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூமில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நிறுவனம் கொடுத்த மென்பொருளில் அலமாரிகளை இழுத்துப் பொருத்தி, வாடிக்கையாளருக்குப் படம் காட்டுவதுதான் அங்கே என் வேலை. இப்போது தனியாக இன்டீரியர் வேலை எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு வீடுகள் கையில் இருக்கின்றன. எந்த மென்பொருளைக் கற்பது, எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். முப்பரிமாணக் காட்சிப்படம் செய்யும் 3டிஎஸ் மேக்ஸும், அதற்கு ஒளி கூட்டும் வி-ரேயும் ஆறு மாதம் படித்தால்தான் வாடிக்கையாளர் மதிப்பார் என்கிறார்கள் ஒரு பயிற்சி நிலையத்தில். எளிதாக முப்பரிமாண மாதிரி வரையும் ஸ்கெட்ச்அப் போதும் என்கிறாள் தோழி. கட்டட வரைபடம் வரையும் ஆட்டோகேட் தெரியாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்றார் எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர். என் அத்தை மகனோ எல்லாவற்றையும் ‘கிராக்’ செய்து இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறான். என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப். ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது. முதலில் புதிய லேப்டாப் வாங்கிவிட வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

கவிதா, சேலம்

அன்புள்ள கவிதா,

உங்களுக்கு நான்கு பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வரைந்ததைப் பலகையாக அறுத்து நிறுத்தப்போகும் தச்சரை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்த மென்பொருள் என்ற கேள்வியை நான் அவரிடமிருந்துதான் தொடங்குவேன். ஏனென்றால் நம் கணினியிலிருந்து வீட்டுக்காரருக்கு ஒரு படமும், தச்சருக்கு ஓர் அளவுத்தாளும், பலகைக் கடைக்கு ஒரு கணக்கும் போகின்றன. படத்தில் பிழை இருந்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அளவுத்தாளில் பிழை இருந்தால் பணம் போகும்.

நீங்கள் ஷோரூமில் பயன்படுத்திய மென்பொருள் இந்த உண்மையை உங்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தது. அதில் இருந்த ஒவ்வோர் அலமாரியும் ஒரு தொழிற்சாலை ஏற்கெனவே செய்து பார்த்த அலமாரி. பலகையின் தடிமன், கீலுக்கான துளை, டிராயர் ஓடும் தடமான சேனலுக்கு வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் வேறு யாரோ கணக்கிட்டு உள்ளே வைத்திருந்தார்கள். இனி அந்தக் கணக்கு உங்களுடையது.

தனியாகத் தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். மூன்று பிரிவுகள் உள்ள ஒரு வார்ட்ரோப். நான்கு நிற்கும் பலகைகளையும் 18 மி.மீ. என்று கணினியில் வரைந்தேன். பிளைவுட் 18 மி.மீ. என்பது சரிதான். ஆனால் அதன் இரு முகத்திலும் லேமினேட் என்ற மெல்லிய மேல்தகட்டை ஒட்டிய பிறகு அது ஏறத்தாழ 20 மி.மீ. ஆகிவிடும் என்பதை வரைபடத்தில் சேர்க்க மறந்தேன். நான்கு பலகைக்கு 8 மி.மீ. போக, ஒவ்வொரு பிரிவிலும் இரண்டரை மி.மீ.க்கு மேல் குறைந்தது. தச்சர் அந்த இடத்திலேயே அளந்து டிராயர் செய்திருந்தால் அவரே சரிக்கட்டியிருப்பார். அந்த முறை டிராயர்களை என் வரைபடத்தை நம்பி வெளிப் பட்டறையில் செய்யச் சொல்லியிருந்தேன். பக்கத்துக்குப் பன்னிரண்டரை மி.மீ. கேட்கும் சேனல், அதற்கும் குறைவான இடத்தில் எப்படி ஓடும்? ஆறு டிராயர்களும் திரும்பிப் போயின. நான் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்த படத்தில் அந்த வார்ட்ரோப் மிக அழகாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகைக் கணக்கும் இப்படித்தான். நம் ஊரில் பிளைவுட் 8க்கு 4 அடி, அதாவது 2440க்கு 1220 மி.மீ. தாளாக வருகிறது. வார்ட்ரோப்பின் ஆழம் 2 அடி என்று எல்லோரும் வாய்ப்பழக்கமாகச் சொல்கிறோம். பக்கப் பலகையை அப்படியே 610 மி.மீ. என்று வரைந்தால் ஒரு தாளின் அகலத்தில் இரண்டு துண்டு வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் வராது. ரம்பம் ஓடும் பாதையே மூன்று நான்கு மி.மீ. தின்றுவிடும். தாளின் ஓரம் நசுங்கியிருந்தால் அதையும் சீவ வேண்டும். பலகையை 590 என்று வைத்து, முன்னால் வரும் ஷட்டரின், அதாவது கதவின், தடிமனைச் சேர்த்தால் மொத்த ஆழம் ஏறத்தாழ அதே 2 அடிதான். தாளும் வீணாகாது. மர இழை ஓடும் லேமினேட் என்றால் துண்டைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கவும் முடியாது. எஸ்டிமேட் கொடுக்கும் முன்பே இதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆகவே என் பதில் உங்கள் தோழியின் பதில்தான். ஆனால் அவர் சொல்லியிருக்கக்கூடிய காரணத்துக்காக, அதாவது கற்பது எளிது என்பதற்காக அல்ல. ஸ்கெட்ச்அப்பில் ஒவ்வொரு பலகையையும் அதன் உண்மைத் தடிமனோடு தனித்தனிக் கூறாக வரைய முடியும். அப்படி வரைந்தால் நீங்கள் திரையில் பார்ப்பது படம் அல்ல, தச்சர் செய்யப்போகும் பொருளின் மாதிரி. அதோடு இணையும் ஓப்பன்கட்லிஸ்ட் என்ற இலவசக் கூடுதல் நிரல், அந்த மாதிரியிலிருந்து வெட்டுப் பட்டியலையும் எத்தனை தாள் வாங்க வேண்டும் என்பதையும், ரம்பப் பாதையையும் இழைத் திசையையும் கணக்கில் கொண்டு, எடுத்துக் கொடுக்கும். அளவுத்தாள் தயாரிப்பதற்கு லேஅவுட் என்ற பகுதி, சந்தா கட்டி வாங்கும் புரோ பதிப்போடு வருகிறது. உலாவியில் இயங்கும் இலவசப் பதிப்பு பழகிப் பார்க்க நல்லது. ஆனால் அதில் கூடுதல் நிரல்கள் ஓடா, லேஅவுட் கிடையாது, தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதியும் இல்லை.

ஸ்கெட்ச்அப்பின் குறை, அது கவனக்குறைவை மன்னித்துவிடும் என்பது. கோடு சரியாகச் சேராவிட்டாலும் சேர்ந்ததுபோலவே காட்டும். அளவைக் கேட்கும்போது எண்ணுக்கு முன்னால் ஒரு சிறிய அலைக்கோடு தெரிந்தால், அந்த எண் தோராயமானது, எங்கோ பொருத்தம் பிசகியிருக்கிறது என்று பொருள். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் அந்த அலைக்கோட்டைக் கவனிப்பதில்லை. என்னிடம் வேலை பழக வந்தவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது அந்த அலைக்கோட்டைப் பற்றித்தான்.

ஆட்டோகேட் பற்றிப் பொறியாளர் சொன்னதிலும் உண்மை உண்டு. 1982இல் வெளிவந்த அந்த மென்பொருளின் டிடபிள்யூஜி கோப்புதான் கட்டட உலகின் பொதுமொழி ஆகிவிட்டது. அடுக்ககம் கட்டியவர் உங்களுக்கு அனுப்பும் தளவரைபடம் அந்த வடிவில்தான் வரும். ஆனால் அதைத் திறக்கத் தெரிவது ஒன்று, அதற்காக ஆண்டுதோறும் பணம் கட்டுவது வேறொன்று. ஸ்கெட்ச்அப் புரோ அந்தக் கோப்பை உள்ளே எடுத்துக்கொள்ளும். பின்னாளில் இருபரிமாண வரைபடங்களே அதிகம் கேட்கும் அலுவலக வேலைகள் வந்தால், அதே கோப்பு வடிவில் இயங்கும் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றை ஒரே முறை பணம் கொடுத்து வாங்கும் வழியும் இருக்கிறது. எந்த வரைபடம் வந்தாலும் ஒரு வேலையை மட்டும் தவற விடாதீர்கள்: அறையின் மூலைவிட்டங்கள் இரண்டையும் நேரில் அளந்து பாருங்கள். கணினியில் எல்லா மூலையும் 90 பாகைதான். நம் கொத்தனார் எழுப்பிய மூலையில் மூலைமட்டத்தை வைத்தால்தான் சங்கதி தெரியும்.

பயிற்சி நிலையத்துக்கு வருவோம். 3டிஎஸ் மேக்ஸ் பெரிய மென்பொருள், வி-ரே அதற்கேற்ற துணை. இரண்டையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல்கேரியாவின் சோபியா நகரில் பிறந்த வி-ரே, ஒளி ஒரு பரப்பில் பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும் விதம் இன்றும் எனக்கு வியப்புத்தான். ஆனால் அவை காட்சிப்படம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான கருவிகள். ஆறு மாதமும் கட்டணமும் அவற்றில் போட்டால், நீங்கள் நல்ல படக் கலைஞராகலாம். வார்ட்ரோப்பில் டிராயர் ஓடுமா என்பது அப்போதும் தெரியாது. அப்படி ஒரு படம் கட்டாயம் வேண்டுமென்றால், அதையே தொழிலாகச் செய்பவரிடம் உங்கள் மாதிரியைக் கொடுத்து, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசிச் செய்துகொள்ளலாம். எங்கள் வட்டாரத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறோம்.

அழகான படத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கும் ஜன்னல் வழியாகக் காலை வெயில் பாய்வதாகப் படம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்த பின் வீட்டுக்காரர் “படத்தில் இருந்த வெளிச்சம் எங்கே?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஸ்கெட்ச்அப்பிலேயே ஊரையும் திசையையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் நிழல் எங்கே விழும் என்று காட்டும். மினுமினுப்புக் குறைந்த அந்தப் படம் பொய் சொல்வதில்லை. செயற்கை நுண்ணறிவு நொடியில் வரைந்து தரும் அறைகளைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். பேச்சைத் தொடங்க உதவும், ஆனால் அதில் இருக்கும் அலமாரிக்கு அளவு கிடையாது.

பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. காசில்லாமல், சட்டப்படி, நல்ல படம் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதைப் பழகலாம். 2002இல் மக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, அதன் மூலநிரலை விடுவித்து, அன்று முதல் இலவசமாகவே இருந்துவரும் மென்பொருள் அது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலும் இரவு முழுக்க ஓடவிட்டால் காலையில் படம் இருக்கும். அளவுத்தாளுக்கு மட்டும் அது ஏற்றதல்ல.

உலாவியிலேயே எல்லாவற்றையும் செய்து தரும் கூஹோம், பிளானர் 5டி போன்றவற்றில் வேகம் உண்டு. உங்கள் ஷோரூம் அனுபவத்துக்கு அவை உடனே கைவரும். சந்தாவை நிறுத்தினால் நீங்கள் வரைந்தவற்றை எந்த வடிவில் வெளியே எடுக்கலாம் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இந்தக் கேள்வியை எந்த மென்பொருளிடமும் கேட்க வேண்டும். 2000இல் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்ட ஸ்கெட்ச்அப்பை 2006இல் கூகுள் வாங்கியது, 2012இல் டிரிம்பிள் என்ற நிறுவனத்துக்கு விற்றது, 2020இல் ஒருமுறை வாங்கி என்றும் வைத்துக்கொள்ளும் உரிமமும் நின்றுபோயிற்று. நாளை என்ன ஆகும் என்பது நம் கையில் இல்லாததால், முடித்த ஒவ்வொரு வேலையையும் டிடபிள்யூஜியாகவும் பிடிஎப்பாகவும் ஒரு பிரதி வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன்.

அத்தை மகனுக்கு அன்போடு மறுப்புச் சொல்லிவிடுங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். குறைந்தது 7 நாளிலிருந்து 3 ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் வரைந்து கொடுத்த படத்தை வாங்கிக்கொண்டு, கட்டணம் தராமல், வேறொரு தச்சரை வைத்து அதையே செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களை நீங்கள் சீக்கிரமே சந்திப்பீர்கள். அன்றைக்கு நியாயம் பேச நமக்கு வாய் வேண்டும்.

இனி பணம். லேப்டாப்பை இப்போது மாற்ற வேண்டாம். ராம் கூட்ட இடமிருந்தால் 16 ஜிபியாக்கிக்கொள்ளுங்கள், ஒரு வார்ட்ரோப்பும் ஒரு சமையலறையும் வரைய அது போதும். இணையத்திலிருந்து எடுத்த சோபாவையும் பூச்சாடியையும் கண்டபடி சேர்த்தால்தான் கோப்பு கனத்துத் திணறும். ஸ்கெட்ச்அப் புரோவுக்கு ஓராண்டுச் சந்தா கட்டுங்கள். மீதிப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். லூமியன், டி5 ரெண்டர் போன்ற விரைவுப் படக் கருவிகள் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இயங்கா. அவற்றுக்கான கணினியை நான்கைந்து வேலைகள் முடித்த பின் அந்த வருமானத்தில் வாங்கலாம்.

சந்தா கட்டுவதற்கு முன், சோதனைக் காலத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். கையில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றின் வார்ட்ரோப்பைப் பலகை பலகையாக வரைந்து, ஏ3 தாளில் அச்சிட்டு, உங்களோடு இதுவரை வேலை செய்யாத ஒரு தச்சரிடம் கொடுங்கள். அவர் அங்குலத்தையும் நூலையும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பேசுபவராக இருக்கலாம், மி.மீ. மட்டுமே பார்ப்பவராக இருக்கலாம். ராஜஸ்தானிலிருந்து வந்து தமிழ் பாதி புரிந்தவராகவும் இருக்கலாம். தமிழில் எழுதிய குறிப்புகள் எழுத்து உடையாமல் அச்சாகியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்காமல், அவர் கேட்கும் கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கேள்விகளையும் தாளையும் எனக்கு அனுப்பினால், எதை மென்பொருளில் சரிசெய்யலாம், எதை உங்கள் வரையும் முறையில் மாற்ற வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறேன்.