மெய்நிகர் உலக நட்பு பொய்யா? உங்கள் கேள்விக்குப் பதில்

விஆர்சாட் என்னும் மெய்நிகர் உலகச் செயலியில் கிடைத்த நண்பர்களிடம் மட்டுமே மனம் விட்டுப் பேச முடிகிறது, வெளியேறியதும் வெறுமை சூழ்கிறது, வீட்டினரோ அவையெல்லாம் பொய் உறவுகள் என்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அவை பொய்யல்ல. தசைச்சிதைவு நோயால் 2014இல் மறைந்த நார்வே இளைஞர் மாட்ஸ் ஸ்டீனின் இறுதிச் சடங்குக்கு, 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டின் வழியாகவே அவரை அறிந்திருந்த நண்பர்கள் வேறு நாடுகளிலிருந்து வந்தார்கள். மகன் தனிமையில் வாழ்ந்ததாக வருந்திய பெற்றோர், அவர் எத்தனை பேருக்குத் துணையாக இருந்தார் என்பதை அவருடைய மறைவுக்குப் பிறகே அறிந்தார்கள்.

ஆயினும் உங்கள் வெறுமையை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். இத்தகைய விளையாட்டுகளை ஆராய்ந்த ஸ்டைன்கூலரும் வில்லியம்ஸும், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் அப்பாற்பட்ட மூன்றாம் இடமாக அவை அமைகின்றன என்றும், ஆழ்ந்த ஆதரவைவிடப் பரந்த அறிமுகங்களையே பெரும்பாலும் தருகின்றன என்றும் 2006இல் எழுதினர். எனவே பலர் கூடும் மெய்நிகர் அறைகளில் கழிக்கும் நேரத்தைக் குறைத்து, நீங்கள் நம்பும் ஓரிருவரிடம் இந்த வெறுமையைப் பற்றியே பேசுங்கள். அவர்களோடு அவதாரம் எனும் மெய்நிகர் உருவமின்றி, தொலைபேசியிலும் உரையாடிப் பாருங்கள். அவர்கள் வேறு நேர மண்டலத்தில் இருந்தால், உங்கள் உறக்கத்தை விட்டுக்கொடுக்காத நேரத்தைக் கேளுங்கள். உண்மையான நண்பர் அதைத் தவறாக எண்ண மாட்டார். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், தயங்காமல் உளவியல் ஆலோசகரை அணுகுங்கள்.