அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆக லைசென்ஸ் வேண்டுமா?

மெடிக்கல் அசிஸ்டென்ட், அதாவது கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக இருப்பவர், ஆவதற்கு லைசென்ஸ் எப்படி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது, ஆனால் சிஎம்ஏ (சர்டிஃபைடு மெடிக்கல் அசிஸ்டென்ட்), சிசிஎம்ஏ (சர்டிஃபைடு கிளினிக்கல் மெடிக்கல் அசிஸ்டென்ட்) மாதிரி ஏதாவது ஒரு சான்றிதழ் இல்லாமல் பல கிளினிக்குகள் உங்களைச் சீந்தாது. வாஷிங்டன் மாநிலம் கறார்: 2013 முதல் சுகாதாரத் துறையின் அனுமதி கட்டாயம். அங்கே தேர்வே எழுதாமல், கிளினிக்கின் பரிந்துரையில் 'ரெஜிஸ்டர்டு' ஆகவும் வழி உண்டு, சரி, ஆனால் அது அந்த இடத்தோடு ஒட்டியது, வேலை மாறினால் புதிதாகப் பதிய வேண்டும், செய்யக்கூடிய வேலைகளும் குறைவு.

அதனால் என்னைக் கேட்டால் சான்றிதழ்தான் மேல். சிஎம்ஏ தேர்வு 200 கேள்வி, 160 நிமிடம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முன், படிக்கக் கல்லூரியில் ஃபீஸ் கட்டும்போதே, அந்தப் படிப்புக்கு சிஏஏஹெச்இபி (CAAHEP) அல்லது ஏபிஹெச்இஎஸ் (ABHES) என்ற, படிப்புகளின் தரம் பார்க்கும் அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். விளம்பரத்தை நம்பாதீர்கள்.