கேள்வி – பதில்: பழைய ஜப்பானிய டிராக் சைக்கிள்

ஜப்பானிலிருந்து வந்த ஸ்டீல் டிராக் ஃபிரேமில் 'என்.ஜே.எஸ்.' என்று குத்தியிருக்கிறது. இது தரச் சான்றா?

பாதிதான். 1948-ல் கோகுராவில் தொடங்கிய கெய்ரின், மக்கள் பந்தயப் பணம் கட்டும் டிராக் சைக்கிள் போட்டி. சைக்கிளால் எந்த வீரருக்கும் சலுகை கிடைத்துவிடக் கூடாது என்பதால் ஃபிரேம், கிராங்க், ஹப் எல்லாம் அனுமதி பெற்றவையாக இருக்க வேண்டும். கெய்ரினை நடத்திய நிஹோன் ஜிதென்ஷா ஷின்கோகாய் (சுருக்கமாக என்.ஜே.எஸ்.) அமைப்பு அப்படி அனுமதித்ததற்கான அடையாளமே அந்த முத்திரை. செய்தபோது விதிப்படி இருந்தது என்று மட்டும் அது சொல்லும். பிறகு எத்தனை முறை விழுந்தது என்று சொல்லாது. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து 10 முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கோய்ச்சி நகானோவுக்கு ஃபிரேம் செய்தவர் யோஷியாகி நாகாசாவா. அவர் பெயருள்ள ஃபிரேமானாலும் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எப்படிச் சோதிப்பது?

முதலில் கீழ்க்குழாயின் (ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாய்) அடிப்பக்கம். முன்பக்கம் மோதிய ஃபிரேமில், தலைக்குழாய் லக்குக்கு (குழாய்களைச் சேர்க்கும் இணைப்பு உறை) சற்றுப் பின்னால் சுருக்கம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தப்பலாம், விரலுக்குத் தப்பாது. அங்கே பெயின்ட் குறுக்காக வெடித்திருந்தால் வாங்க வேண்டாம்.

அடுத்தது நூல். பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பிளவு) ஒன்றில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறு டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள், 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்பகுதி ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. பின் டிராப்அவுட் இடைவெளி பெரும்பாலும் 120 மி.மீ., பழையவற்றில் 110 இருக்கலாம். சக்கரம் வாங்குமுன் அளந்துவிடுங்கள்.

சீட் போஸ்ட் அசைகிறதா என்றும் பாருங்கள். அலுமினியம் ஸ்டீலோடு அரித்து இறுகியிருந்தால், போஸ்ட்டை வைஸில் பிடித்து ஃபிரேமைத் திருக வேண்டாம்; மெல்லிய குழாய் முறுகிப் போகும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவிடுங்கள்.

லக் இணைப்புக்குப் பித்தளை இருக்க, விலை கூடிய வெள்ளி எதற்கு?

சூடு குறைவு. வெள்ளிக் கலவை ஏறத்தாழ 650 டிகிரியில் ஓடும். பித்தளைக்கு 900-ஐ நெருங்க வேண்டும். சூடு ஏற ஏற ஸ்டீல் வலு இழக்கும். அதனால்தான் இத்தாலியின் கொலம்பஸ் எஸ்.எல். போன்ற குழாய்களில் சுவர்த் தடிமனை நடுவில் 0.6 மி.மீ., சூடு படும் முனைகளில் 0.9 மி.மீ. வைத்தார்கள். ஆனால் வெள்ளி இடைவெளியை நிரப்பாது. குழாய்க்கும் லக்குக்கும் நடுவே 0.05 முதல் 0.1 மி.மீ. இருந்தால்தான் தானாக உள்ளே ஏறும். வெள்ளிக் கம்பியைச் சுடருக்கு நேராகக் காட்டி உருக்குவதுதான் புதியவர்களின் பெரிய தவறு. குழாயும் லக்கும் சேர்ந்து சூடாக வேண்டும்; ஃப்ளக்ஸ் (இணைப்பில் துரு படியாமல் பூசும் பசை) தண்ணீர்போல் தெளிந்ததும் ஒரு விளிம்பில் கம்பியைத் தொட்டு, எதிர் விளிம்பைச் சூடாக்கி இழுக்க வேண்டும். அங்கே பளபளவென்று கோடு தெரிந்தால் நிறைந்துவிட்டது. ஃப்ளக்ஸ் கறுத்துவிட்டால் கருகிவிட்டது என்று பொருள். சுத்தம் செய்து மறுபடி தொடங்குங்கள். பிறகு அரம் போடும்போது குழாயில் கீறல் விழக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பின் பல்சக்கரம் அடிக்கடி தளர்கிறது...

பல்சக்கரத்தை வெளியிலிருந்து பூட்டும் வளையமான லாக்ரிங்கைப் பாருங்கள். அது இடப்புறம் திருகி இறுக்கும் இடமரை, பல்சக்கரம் வலமரை. பின்னோக்கி மிதிக்கும்போது தளராமல் பிடிப்பது லாக்ரிங்தான். ஜப்பானிய ஹப்பில் லாக்ரிங் மரையின் விட்டம் 1.29 அங்குலம், இத்தாலியின் பழைய கம்பக்னோலோ லாக்ரிங்கில் 1.32 அங்குலம். இரண்டிலும் அங்குலத்துக்கு 24 மரை என்பதால் பொருந்தியதுபோல் தெரியும், ஆனால் மரையைத் தின்றுவிடும். செயினும் விறைப்பாக இருக்கக் கூடாது. நடுவில் சுமார் 10 மி.மீ. ஆட்டம் விடுங்கள்.

சாலையில் ஓட்ட ஃபோர்க்கில் பிரேக் துளை போடலாமா?

வேண்டாம். துளையுள்ள வேறு 1 அங்குல மரை ஃபோர்க் மாட்டி, அசலைப் பத்திரப்படுத்துங்கள். மாட்டும் ஃபோர்க்கின் மேல்தண்டின் (தலைக்குழாய்க்குள் நுழையும் பகுதி) நீளம் தலைக்குழாய் உயரத்தோடு ஹெட்செட் (தலைக்குழாயின் மேலும் கீழும் உள்ள பேரிங்) உயரத்தையும் சேர்த்தால் வரும் அளவுக்கு ஒத்திருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.