சரிசெய்த பிழை ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எங்கள் டீமில் ஆறு பேர். எல்லோரும் நன்றாகக் கோட் எழுதுபவர்கள்தான். ஆனாலும் ரிலீஸ் போட்ட மறுநாளே கஸ்டமரிடமிருந்து போன் வருகிறது. போன மாதம் சரிசெய்த பிழையே மறுபடி வந்து நிற்கிறது. இன்னும் இரண்டு டெஸ்டர்களை எடுத்தால் சரியாகுமா?

பதில்: டெஸ்டர் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சரிசெய்த பிழை திரும்புகிறது என்றால், கோட் உங்கள் கையிலிருந்து சர்வருக்குப் போகும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ராத்திரி அவசரத்தில் யாரோ நேரடியாக சர்வரிலேயே இரண்டு வரி திருத்தியிருப்பார். அது கிட்டில் (Git, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) சேர்ந்திருக்காது. அடுத்த ரிலீஸ் அந்த இரண்டு வரியையும் அடித்துக்கொண்டு போய்விடும். எத்தனை டெஸ்டர் இருந்தாலும் இது நிற்காது.

இந்த வழியில் ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமே சாட்சி. புதிய கோடை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது, ஒன்றில் விட்டுப்போனது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்தியும் அழிக்காமல் விட்ட பழைய கோட், 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒரு சர்வரில் ஓடத் தொடங்கியது. காரணம், பழைய கோடை ஓட வைக்கும் சுவிட்ச் போன்ற ஃபிளாகையே புதியதற்கும் பயன்படுத்தியிருந்தார்கள். பதற்றத்தில் மற்ற 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்தார்கள். அங்கேயும் பழையது ஓட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிட வர்த்தகத்தில் விளைந்த நஷ்டம் 46 கோடி டாலர். ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த நடைமுறையே அங்கு இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. சந்தை திறக்கும் முன்பே பிழையைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் வந்திருந்தன. அவற்றை எடுத்துப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. எனக்கு இன்னமும் மனம் ஆறாத இடம் இது.

சரி, நீங்கள் நாளையே செய்யக்கூடியது என்ன? சர்வரில் கை வைக்கும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். ரிலீஸை ஸ்கிரிப்ட் போடட்டும். எந்த சர்வரில் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்பதை, அந்த ஸ்கிரிப்டை ஓட்டாத இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். ஒரு பிழை வந்தால், திருத்துவதற்கு முன்பே அதைப் பிடிக்கும் டெஸ்டை எழுதுங்கள். அது முதலில் தோற்க வேண்டும், திருத்திய பின் தேற வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் தானாக ஓட வேண்டும். ரோல்பேக்கையும், அதாவது முந்தைய வெர்ஷனுக்குத் திரும்புவதையும், ஒரு சாதாரண நாளில் செய்து பழகுங்கள்.

இரண்டு மூன்று ரிலீஸ் இப்படிப் போய்ப் பாருங்கள். பழைய பிழைகள் நின்று, புதியவை மட்டும் தப்பி வெளியே போகின்றன என்றால், அப்போது டெஸ்டர் எடுங்கள்.