பிஎஸ்ஏ மறுபடி ஏறும்போது: கதிர்வீச்சு பற்றிய கேள்வி பதில்

நான் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர். புரோஸ்டேட் புற்றுநோய் ஒருமுறை சிகிச்சை பெற்றும் திரும்பி வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்; ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துத்தான் நோயைக் கவனிக்கிறோம். ஸ்கேனையும் பயாப்சியையும் நேரில் பார்க்காமல் சொல்கிறேன். முடிவை உங்கள் மருத்துவரோடு பேசி எடுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மூன்று வருடம் முன்பு புரோஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது பிஎஸ்ஏ 0.24. லேப் ரிப்போர்ட்டில் ‘4 வரை நார்மல்’ என்று இருக்கிறது. டாக்டர் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கணும் என்கிறார். அவசரப்படுகிறாரா?

இல்லை அம்மா. அந்த 4 என்பது புரோஸ்டேட் உள்ளவர்களுக்கான அளவு. சுரப்பியையே எடுத்த பிறகு பிஎஸ்ஏ கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்க வேண்டும். 0.2ஐத் தொட்டு, இரண்டாவது முறை எடுத்தாலும் குறையவில்லை என்றால் நோய் திரும்பிவிட்டது என்றுதான் கணக்கு. ‘நார்மல்’ என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு வருடம் விட்டுவிட்டு, 1.5 ஆனபின் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. 0.5ஐத் தாண்டுவதற்குள் தொடங்கினால் நோயை அடக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த பிஎஸ்ஏ எல்லாவற்றையும் தேதியோடு ஒரே தாளில் எழுதுங்கள். அளவு இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆனது என்பது அதில் தெரிந்துவிடும். மூன்று நான்கு மாதத்தில் இரட்டிப்பானால் ஒரு மாதிரி, ஒன்றரை வருடம் பிடித்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அந்தத் தாளோடு, புற்று எவ்வளவு வீரியமானது என்று காட்டும் கிளீசன் அளவு உள்ள பயாப்சி ரிப்போர்ட்டும் இருந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்த கையோடு கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டது தப்பா?

தப்பில்லை. ராடிகல்ஸ், ரேவ்ஸ், கெட்டக் 17 என்ற மூன்று ஆய்வுகளின் முடிவுகள் 2020இல் வந்தன. எல்லாருக்கும் உடனே கொடுப்பதும், பிஎஸ்ஏவைக் கவனித்து ஏறத் தொடங்கியதும் கொடுப்பதும் நோயை அடக்குவதில் ஏறக்குறைய ஒன்றுதான். உடனே கொடுத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொல்லைதான் அதிகமாக இருந்தது. காத்திருந்ததற்காக யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பீர்கள்? தெரியும்வரை பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். பிஎஸ்எம்ஏ பெட் என்பது புரோஸ்டேட் புற்றணுக்கள் உடம்பில் எங்கே இருக்கின்றன என்று தேடும் ஸ்கேன். பிஎஸ்ஏ 0.5க்குக் கீழே இருக்கும்போது பாதிப் பேருக்கு மேல் இதில் எதுவும் தெரியாது. அப்போது புரோஸ்டேட் இருந்த இடத்துக்கே கொடுப்போம்; மிச்சம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை என்ற அளவில், ஒன்றும் காட்டாத ஸ்கேனும் நல்ல செய்திதான். இடுப்பு நிணநீர்க் கணுவில் தெரிந்திருந்தால் கதிர்வீச்சின் எல்லையை அதுவரை விரித்திருப்போம்.

தேனியிலிருந்து மதுரைக்குத் தினமும் வரவேண்டும். 33 நாள் என்கிறார்கள். குறைக்க முடியுமா?

முடியலாம், கேளுங்கள். ராடிகல்ஸ் ஆய்விலேயே 33 முறையில் 66 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), 20 முறையில் 52.5 கிரே என்று இரண்டு வகையையும் அனுமதித்திருந்தார்கள். ஐந்தே நாளில் முடிப்பது ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

எத்தனை நாள் என்றாலும், தினமும் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் வாருங்கள். பை நிறைந்திருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரின் பாதையிலிருந்து விலகும். மேஜையில் படுக்கவைத்ததும் ஒரு படம் எடுப்போம். மலக்குடலில் வாயு இருந்தால் கறுப்பு வட்டமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் இறக்கிவிட்டு, ‘கொஞ்சம் நடந்து, கழிப்பறை போய்விட்டு வாங்க ஐயா’ என்போம். சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் படவேண்டிய இடத்தில் படாமல் குடல் சுவரில் படும்.

கூடவே ஹார்மோன் ஊசியும் போடச் சொல்கிறார்கள். அவசியமா?

எல்லாருக்கும் அவசியமில்லை. ஆர்டிஓஜி 9601 ஆய்வில் கதிர்வீச்சோடு இரண்டு வருடம் பைகாலுடமைடு என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சேர்த்தவர்களின் ஆயுள் கூடியது. ஆனால் பிஎஸ்ஏ குறைவாக இருக்கும்போதே வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெளிவாக இல்லை. 0.3இல் வந்து, மெதுவாக ஏறுகிறது, கிளீசனும் 7க்குள் என்றால் ஊசி இல்லாமலே தொடங்குவதைப் பற்றி நான் பேசுவேன். வேகமாக இரட்டிப்பானால், கிளீசன் 8 அல்லது அதற்கு மேல் என்றால், ஊசியை விடமாட்டேன். சர்க்கரை, இதய நோய், எலும்புத் தேய்மானம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹார்மோன் சிகிச்சை மூன்றையும் சீண்டும்.

கடன் வாங்கியாவது புரோட்டான் கொடுக்கலாமா?

வேண்டாம். முதல் கட்ட நோயில், புரோட்டான் துகள்களால் கொடுக்கும் கதிர்வீச்சையும் ஐஎம்ஆர்டி என்ற வழக்கமான எக்ஸ்ரே கதிர்வீச்சையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பார்ட்டிகால் ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. குடல் தொல்லையில் வித்தியாசம் இல்லை. எந்த மெஷின் என்பதைவிட, எப்போது, எந்த இடத்துக்கு என்பதுதான் முக்கியம்.

எனக்கு ஆபரேஷன் இல்லை. ஏழு வருடம் முன்பு கதிர்வீச்சு மட்டும். பிஎஸ்ஏ 0.4 வரை இறங்கியது, இப்போது 2.9. மறுபடியும் கரண்ட் வைக்கலாமா?

கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் கணக்கு வேறு. மிகக் குறைந்த அளவோடு 2ஐக் கூட்டுங்கள், உங்களுக்கு 2.4. அதைத் தாண்டிவிட்டீர்கள். பெட் ஸ்கேன், எம்ஆர்ஐ, அப்புறம் புரோஸ்டேட்டில் பயாப்சி, மூன்றும் வேண்டும். நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தால் மறுபடி கொடுக்க வழியுண்டு: ஊசி வழியாக உள்ளேயே கதிர்மூலம் வைக்கும் பிரேக்கிதெரபி, அல்லது குறுகிய நாட்களில் முடிக்கும் எஸ்பிஆர்டி. சுரப்பியை எடுப்பது, உறையவைத்து அழிப்பது என்று வேறு வழிகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த மாஸ்டர் என்ற தொகுப்பாய்வில் (2021) ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் எந்த வழியிலும் பாதிக்குச் சற்று மேல்தான். மோசமான சிறுநீர்ப் பிரச்சினை ஆபரேஷனைவிடக் கதிர்வீச்சில் குறைவாக இருந்தது.

அதனால், இந்த வேலையைப் பலமுறை செய்த இடமாகப் பாருங்கள். முதல் சிகிச்சை எடுத்த மருத்துவமனையிலிருந்து பழைய பிளானையும் கொடுத்த அளவையும் கேட்டு வாங்குங்கள். எந்தத் திசு ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று தெரியாமல் இரண்டாவது முறை கைவைக்க எனக்கு மனம் வராது.

கணவருக்குக் கதிர்வீச்சு முடிந்து ஒரு வருடம். மலத்தில் லேசாக ரத்தம். கொலனோஸ்கோபிக்குப் போகிறோம்.

போங்கள், ஆனால் கதிர்வீச்சு எடுத்ததை அந்த மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கதிர்பட்ட மலக்குடலின் முன்சுவரில் பயாப்சி எடுத்தால் புண் ஆறாமல் துளை விழக்கூடும். கண்டிப்பாகத் தேவை என்றால் ஒழிய அங்கே சதை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது சிகிச்சை முடிந்ததும் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துப் போங்கள்.